கேட்டு வாங்குவது கொசுறா?

எங்கள் தெருவுக்கு தினமும் காலையில் கூடையோடு ஒரு காய்கறிக்கார அம்மா வருவார். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் சரி, இரண்டு வாழைக்காய் வாங்கினாலும் சரி, "கொத்தமல்லி, கறிவேப்பிலை போடும்மா" என்று கை நீட்டுவது என் வழக்கம். நீங்களும் அப்படித்தானே சகோதரிகளே?

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்த அம்மா தயங்கினார். "மழையில மல்லியெல்லாம் அழுகிப் போச்சும்மா. ஒரு கட்டு முப்பது ரூபாய்க்கு வாங்கியாந்திருக்கேன். இன்னிக்கு மட்டும் காசு குடும்மா" என்றார். நான் விடவில்லை. "இத்தனை வருஷமா வாங்கறேன், நாலு தழைக்குக் காசா?" என்று பேசிப் பேசியே ஒரு பிடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால், முந்தின வாரத்துக் கொசுறு பிளாஸ்டிக் பையில் கூழாகிக் கிடந்தது. அதைக் குப்பையில் போட்டதைப் பார்த்த என் மாமியார், "சும்மா வந்தது, சும்மா போகுது" என்றார். சுருக்கென்றது எனக்கு.

பெரிய கடைகளில் இதே கொத்தமல்லிக்கு பில்லில் போட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். கூடை சுமந்து வருகிறவரிடம்தான் நம் சாமர்த்தியம் எல்லாம்! கொசுறு நம் ஊர் வழக்கம்தானே என்பீர்கள். அவராக மனசு வந்து கொடுத்தால் அது கொசுறு. நாம் அடம் பிடித்து வாங்கினால் அதற்கு என்ன பெயர்?

அன்று முதல் காசு கொடுத்தே வாங்குகிறேன். காசு கொடுத்ததால் வீணாக்கவும் மனசு வருவதில்லை. கழுவாமல், அழுகல் இலையைக் கிள்ளி எறிந்து, வேரை நறுக்கி, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்குகிறது. இலையை சாம்பார், ரசம் இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும். கொதிக்க விட்டால் மணம் போய்விடும். இளம் தண்டைத் தூக்கி எறியாதீர்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய் வறுத்து, புளி, உப்பு சேர்த்து அரைத்தால் அருமையான துவையல்.

இப்போது வெயில் காலத்தில் அந்த அம்மாவே சில நாள் சிரித்துக்கொண்டே ஒரு கொத்து கறிவேப்பிலை கூடுதலாகப் போடுகிறார். நான் கேட்பதில்லை. மல்லி விலை ஏறும் மழைக்காலத்திலாவது நாம் கை நீட்டாமல் இருக்கலாமே, தோழிகளே!

— ஒரு வாசகி, திருச்சி.