லேகியம் வேண்டாம், புழுவைத் தேடுங்கள்!

‘‘அப்பாவுக்கு கிட்னி மாத்தியாச்சு டாக்டர். எதிர்ப்பு சக்தி ஏற ஒரு லேகியம் குடுங்க’’ என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நான் சித்த மருத்துவன்தான், ஆனாலும் தரமாட்டேன். அந்தச் சக்தியை அடக்கத்தானே அவருக்கு டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள்! அது ஏறினால், புதிதாக வைத்த சிறுநீரகத்தை ‘நீ யார்?’ என்று உடம்பே தாக்கும். சீந்திலோ, அமுக்கராவோ, அவருடைய சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் வீட்டில் இடித்துக் கொடுக்காதீர்கள்.

சரி, காவல் குறைந்த உடம்பில் யார் நுழைவார்கள்? சளி, காய்ச்சலுக்கு எல்லோரும் பயப்படுகிறோம். ஒட்டுண்ணிகளை மறந்துவிடுகிறோம். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று ஒரு புழு. 2 மில்லிமீட்டர் நீளம்தான். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது இதன் இளம்புழு தோலைத் துளைத்து ஏறி, கடைசியில் சிறுகுடலில் குடியேறும். மற்ற குடற்புழுக்கள் சில வருடங்களில் மடிந்துவிடும். இது குடலுக்குள்ளேயே பெருகி, அதே உடம்பில் மறுபடி புகுந்து, 30, 40 வருடம்கூடத் தங்கும். சிறு வயதில் வயலில் ஒட்டிக்கொண்டது, 55 வயதிலும் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் ஒன்று ஆயிரமாகி நுரையீரல் வரை பரவலாம். போகிற வழியில் குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துப் போகும். அப்புறம் பிழைப்பது கஷ்டம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முன்பே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்! ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே, ‘‘சின்ன வயசுல வயக்காட்டுல செருப்பில்லாம திரிஞ்சவர்’’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே ஒரு மலப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். இது கண்ணில் படாமல் தப்பிவிடும் ஜாதி. ரத்தப் பரிசோதனையும் உண்டு. உறுப்பு கொடுப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். உறுப்போடு புழுவும் வந்துசேர்ந்த சம்பவங்கள் இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது! நமக்கென்றால் ஓரிரு வாரப் பேதி. உறுப்பு மாற்றியவருக்கு மாதக் கணக்கில்கூட இழுக்கும். பேதியில் டாக்ரோலிமஸ் அளவும் ரத்தத்தில் எகிறி, புதுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேன் தண்ணீராகவே இருந்தாலும் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். பேதி கண்டால் மாதுளம்பழத்தோல் கஷாயம் வைத்து ரெண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.