எலியட்ஸ் கடற்கரையில் இரண்டு நாள் மரபு விழா: கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெசன்ட் நகர் கடற்கரையோரக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர், சென்னை – 600090.

பெறுநர்:
ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை – 600003.

நகல்: காவல் துணை ஆணையர், அடையாறு; மீன்வளத் துறை.

பொருள்: ஷ்மிட் நினைவுச் சின்னத்தையும் ஊரூர் ஆல்காட் மீனவக் குப்பத்தையும் மையமாக வைத்து ஆண்டுதோறும் மரபு விழா நடத்த அனுமதியும் உதவியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

1930 டிசம்பர் 30 அன்று, இந்தக் கடலில் பிறர் உயிரைக் காக்க உதவப் போய் மூழ்கி இறந்தார் டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட். அவர் நினைவாக எழுப்பிய வெள்ளைச் சின்னத்தின் முன் படம் எடுத்துக்கொள்வோர் பலர். அது ஏன் அங்கே நிற்கிறது என்று அறிந்தவர் சிலரே. சுவரில் பெயர் கிறுக்குவதும் ஓயவில்லை. 2030-இல் அவர் மறைவின் நூற்றாண்டு வருகிறது. அதற்குள் இந்த விழா நிலைபெற வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

டிசம்பர் 30-க்குப் பின் வரும் முதல் சனி, ஞாயிறுகளை ஒதுக்கித் தர வேண்டுகிறோம். அதற்கு முந்தைய வார இறுதி வேண்டவே வேண்டாம். டிசம்பர் 26, சுனாமியில் போனவர்களுக்காகக் குப்பத்து மக்கள் கடலில் பால் ஊற்றும் நாள். அந்தத் துக்கத்தை ஒட்டி ஒலிபெருக்கி கட்டுவது முறையாகாது.

விழாவைக் குப்பமே முன்னின்று நடத்தட்டும். 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த விழாவில் கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒன்றாக இடம்பெற்றன, ஊரே விருந்தோம்பியது. ஆகவே ஏலம் விட்டு நிகழ்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டாம். படகு ஏற்றும் இடத்திலும் வலை உலர்த்தும் இடத்திலும் மேடையோ வாகனமோ கூடாது. மீன் வறுவல், இட்லிக் கடைகளுக்குக் குப்பத்துப் பெண்களுக்கே முதலுரிமை தந்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

நாங்கள் மிகவும் வற்புறுத்துவது உயிர்க்காவலை. கடலில் மூழ்கியவரை நினைக்கும் விழாவில் இன்னொருவரைக் கடலுக்குக் கொடுக்கலாகாது. இந்தக் கடலின் சுழலையும் இழுப்பையும் அறிந்த குப்பத்து இளைஞர்களை நாள்கூலி கொடுத்துக் காவலுக்கு அமர்த்துங்கள். மிதவையும் கயிறும் கொடுங்கள். இரண்டு நாளோடு நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் அவர்களுக்கு அந்த வேலை கிடைத்தால், ஷ்மிட்டுக்கு அதுவே உரிய மரியாதை.

சின்னத்துக்கு அவசர வெள்ளையடிப்பு வேண்டாம். பழைய கட்டடப் பராமரிப்பு தெரிந்தவர்களிடம் பணியைக் கொடுத்து, ஷ்மிட்டின் வரலாற்றைத் தமிழில் சொல்லும் பலகை ஒன்றையும் நட வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் ஜனவரியில் தொடங்குவதால், கடலைப் பார்த்த விளக்குகளை இரவு 9 மணிக்கு அணைத்துவிட வேண்டும். கழிப்பறை, குப்பைத் தொட்டி ஏற்பாடுகள் வழக்கம்போல் மாநகராட்சியைச் சேரும்.

இவற்றை முடிவு செய்யும் கூட்டத்தை ரிப்பன் மாளிகையில் கூட்டாமல், ஊர்ப் பஞ்சாயத்தாரின் முன்னிலையில் குப்பத்திலேயே நடத்தி, அதற்கான தேதியை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்