புதன்கிழமை அரை மணி நேரம்: பிரதமர் அவையில் நேரில் பதில் சொல்ல வேண்டும்

நாடாளுமன்றம் கூடியிருக்கும் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை, புதன்கிழமையன்று அரை மணி நேரம், இந்தியப் பிரதமர் மக்களவையில் எழுந்து நின்று உறுப்பினர்களின் கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கான இடத்தை மக்களவையின் நடைமுறை விதிகளிலேயே ஒதுக்க வேண்டும். எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். இன்றைய பிரதமரை மட்டும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் பலரிடமும் எங்களுக்கு இதே குறை உண்டு. நாளை எந்தக் கட்சியிலிருந்து யார் வந்தாலும் இதையேதான் கேட்போம்.

இப்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மக்களவையின் ஒவ்வொரு அமர்விலும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். குலுக்கலில் தேர்வாகும் 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியலில் இருக்கும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். உறுப்பினர் துணைக் கேள்வி எழுப்பலாம். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நான்கைந்து கேள்விகளைத்தான் எட்ட முடிகிறது. குறியிடாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்விக்கு அங்கே வழியில்லை. அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்துக் கிழமை ஒதுக்கியிருக்கிறார்கள். பிரதமரின் பொறுப்பில் உள்ள துறைகளுக்கு மக்களவையில் வழக்கமாகப் புதன்கிழமை.

பிரதமரின் பொறுப்புகளை அரசு வெளியிடும் பட்டியலில் பாருங்கள். பணியாளர் நலன், அணுசக்தி, விண்வெளி ஆகியவற்றோடு ‘முக்கியக் கொள்கை விவகாரங்கள் அனைத்தும்’ என்று ஒரு வரி இருக்கும். நாட்டின் கொள்கைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அரசே எழுதித் தந்திருக்கும் விடை அது. ஆனால் ஓர் உறுப்பினர் அந்த வரியை நம்பி வேலையின்மை பற்றியோ எல்லைப் பிரச்சினை பற்றியோ பிரதமருக்குக் கேள்வி அனுப்பினால், அது சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டுவிடும். எஞ்சுகிற அணுசக்தி, விண்வெளிக் கேள்விகளுக்குப் பிரதமர் அலுவலக இணை அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். பட்டியலில் பிரதமரின் பெயர் இருக்கிறது, அவையில் கேட்பது வேறொருவரின் குரல்.

நேரு காலத்தில் அப்படி இல்லையே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1947 முதல் 1964 வரை வெளியுறவுத் துறையை நேரு தம்மிடமே வைத்திருந்தார். எனவே அத்துறைக் கேள்விகளுக்கு அவரே எழுந்து நின்றார், அவையில் குடைந்து குடைந்து கேட்கப்பட்டார். அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டிருப்பதை 1959 ஆகஸ்டில் அவர் அவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது; அடுத்த மாதமே வெள்ளை அறிக்கை வந்தது. ஆனால் அவர் பதில் சொன்னது பிரதமர் என்ற முறையில் அல்ல, வெளியுறவு அமைச்சர் என்ற முறையில். அத்துறைக்குத் தனி அமைச்சர் வந்ததும் அந்த வழக்கமும் போய்விட்டது. நேருவின் பண்பை நாம் மெச்சலாம். ஆனால் ஒருவரின் பண்பாக இருந்தது விதியாக மாறவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

இந்த நாட்டில் கேள்வி கேட்கும் உரிமை ஒரே நாளில் வந்ததல்ல. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபைகளில் கேள்வி கேட்க அனுமதித்தது. துணைக் கேள்விக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1930-களின் பிற்பகுதியில் தில்லி மத்திய சட்டசபையில் தீரர் சத்தியமூர்த்தி அந்தத் துணைக் கேள்வியையே ஆயுதமாக்கி வெள்ளை அதிகாரிகளைத் திணறடித்தார். ஆனால் அவர் கேள்விகளுக்கு வைஸ்ராய் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவருடைய நிர்வாகக் குழுவினர்தாம் சொன்னார்கள். வைஸ்ராய் அந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர், ஆகவே அதில் வியப்பில்லை. இன்றைய நிலை வேறு. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசமைப்பின் 75(3) பிரிவு சொல்கிறது. அந்த அமைச்சரவையின் தலைவர் மட்டும் கேள்விக்கு அப்பால் இருப்பது எங்களுக்குப் புரியவில்லை.

கேள்வியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு முந்த்ரா விவகாரத்தை நினைவூட்டுகிறோம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஓராண்டுகூட முழுதாக ஆகாத 1957-இல், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் அது சுமார் 1.24 கோடி ரூபாய் முதலீடு செய்திருந்தது. அதுபற்றி மக்களவையில் எழுந்த கேள்வியை, ஆளுங்கட்சியைச் சேர்ந்த, அதுவும் பிரதமரின் மருமகனான ஃபெரோஸ் காந்தி விடாமல் துரத்தினார். நீதிபதி சாக்லா தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சென்னைக்காரரான அவர் நேரு அமைச்சரவையின் தூண்களில் ஒருவர். அவரையே வீட்டுக்கு அனுப்பும் வலு துணைக் கேள்விக்கு இருந்தது.

அந்த வலுவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை 2020 செப்டம்பரில் பார்த்தோம். கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லை என்றார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, அப்படியொரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதியது. அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தீர்களா என்பதற்கு, மேற்சொன்ன காரணத்தால் அந்தக் கேள்வியே எழவில்லை என்று பதில் வந்தது. வாய்மொழிப் பதிலாக இருந்திருந்தால் எதிரே இருந்த உறுப்பினர் உடனே எழுந்து, ஏன் பராமரிக்கவில்லை, யார் முடிவு அது என்று கேட்டிருப்பார். எழுத்துப் பதிலில் அந்த இரண்டாவது கேள்விக்கு இடமே கிடையாது. அதே கூட்டத்தொடரில்தான் மூன்று வேளாண் சட்டங்களும் நிறைவேறின. நெருக்கடி நிலைக் காலத்தில் காங்கிரஸ் ஆட்சியும் கேள்வி நேரத்தை நிறுத்தி வைத்தது. கட்சி மாறினாலும் கை ஒரே பக்கம்தான் போகிறது.

பிரதமர் அவையில் பேசுவதே இல்லையா என்று கேட்கலாம். பேசுகிறார். குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் விவாதத்துக்கு ஆண்டுதோறும் பதிலுரை தருகிறார். ஆனால் உரை வேறு, பதில் வேறு. உரையில் எதைத் தொடுவது, எதை விடுவது என்பது பேசுபவரின் விருப்பம். 2023 மே 3-இல் மணிப்பூரில் கலவரம் வெடித்தது. பிரதமர் அதுபற்றி அவையில் பேச வேண்டும் என்பதற்காகவே, தோற்கும் என்று தெரிந்தும் எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. அதை அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆகஸ்ட் 10-இல் பிரதமர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். மணிப்பூரைப் பற்றி அவர் பேசத் தொடங்கும் முன்பே எதிர்க்கட்சியினர் வெளிநடப்பு செய்துவிட்டார்கள். அரசையே கவிழ்க்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தால்தான் பிரதமரிடம் ஒரு விஷயத்தைக் கேட்க முடியும் என்ற நிலை ஒரு பக்கம். கேட்டவர்களே பதிலுக்கு இருக்கவில்லை என்பது மறுபக்கம். இரண்டுமே எங்களுக்கு ஏற்புடையவை அல்ல.

நாம் வழிமுறையைக் கடன் வாங்கிய பிரிட்டனில் இது எப்படி நடக்கிறது? அங்கே 1961 முதல் பிரதமர் வாரம் இருமுறை, கால் கால் மணி நேரம் பதில் சொன்னார். 1997-இல் டோனி பிளேர் அதைப் புதன்கிழமை அரை மணி நேரமாக ஒன்றாக்கினார். அங்கும் முதலில் கேள்விகளை மற்ற அமைச்சகங்களுக்குத் தள்ளிவிடும் பழக்கம் இருந்தது. உறுப்பினர்கள் அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ‘இன்று பிரதமரின் அலுவல்கள் என்னென்ன?’ என்பதுதான் எழுத்தில் கொடுக்கும் கேள்வி. அதை யாருக்கும் தள்ளிவிட முடியாது. அதற்குத் துணைக் கேள்வியாக உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மார்கரெட் தாட்சர் அந்தத் தள்ளிவிடும் பழக்கத்தையே கைவிட்டார். இன்று எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள், மற்றவர்களுக்குக் குலுக்கல்.

அந்த முறையை அப்படியே பெயர்த்து இங்கே நடச் சொல்லவில்லை. லண்டனில் அந்த அரை மணி நேரத்தில் கூச்சல் அதிகம். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எழுந்து பிரதமரைப் புகழ்வதற்காகவே கேள்வி கேட்பார்கள். நம் அவையில் அந்த நோய் இன்னும் வேகமாகப் பரவும் என்பது எங்களுக்குத் தெரியும். கனடாவில் பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ 2017 முதல் புதன்கிழமைகளில் எல்லாக் கேள்விகளுக்கும் தாமே பதில் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். நல்ல வழக்கம்தான், ஆனால் அதுவும் அவரோடு போகக்கூடிய வழக்கமாகவே இருந்தது. ஆகவேதான் நாங்கள் விதி கேட்கிறோம்.

எங்கள் யோசனை இது. அரை மணி நேரத்தின் முதல் பாதியில், சில நாள் முன்னறிவிப்போடு கொடுக்கப்பட்ட கொள்கைக் கேள்விகள். இவற்றை வேறு அமைச்சகத்துக்கு மாற்றக் கூடாது. இரண்டாம் பாதியில் முன்னறிவிப்பு இல்லாத கேள்விகள். எதிர்க்கட்சித் தலைவருக்கு உறுதியான பங்கு வேண்டும். சிறிய கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் குலுக்கலில் தனி இடம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெரிய கட்சிகளின் சண்டையாக இது சுருங்கிவிடும். ராணுவ ரகசியம், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவற்றுக்கு இப்போதுள்ள தடைகள் அப்படியே இருக்கட்டும். அவையில் பிரதமர் ‘பார்க்கிறோம்’, ‘விசாரிக்கிறோம்’ என்று சொன்னால் அது அரசு உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏற வேண்டும். 1953 முதல் மக்களவையில் இருக்கும் அந்தக் குழுவின் வேலையே அதுதானே. பிரதமர் வெளிநாட்டில் இருந்தால் அடுத்த அமர்வில் ஈடு செய்யலாம்.

ஒவ்வோர் அமைச்சரும் தம் துறைக்குப் பதில் சொல்லும்போது பிரதமர் எதற்கு என்பது எங்களிடம் அடிக்கடி வைக்கப்படும் ஆட்சேபம். பல துறைகள் சேர்ந்து எடுக்கும் முடிவுகளுக்கு எந்தத் துறை அமைச்சரும் முழுப் பதில் சொல்ல முடியாது. 2016-இல் பணமதிப்பு நீக்கத்தை நாட்டுக்கு அறிவித்தது நிதியமைச்சர் அல்ல, பிரதமர். அறிவிப்பவர் ஒருவர், பதில் சொல்பவர் வேறொருவர் என்றால் பொறுப்பு யாருடையது? பிரதமருக்கு நேரமில்லை என்பது இன்னொரு ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாவது மக்களவை 677 நாள் கூடியது. பதினேழாவது மக்களவை ஐந்தாண்டுகளில் 274 நாள்தான் கூடியது. ஆண்டுக்குச் சராசரி 55 நாள். அதில் புதன்கிழமைகள் சுமார் 11. அரை மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதற்கும் ஐந்தரை மணி நேரம். ஒரு தேர்தல் பிரச்சார நாளுக்கு ஆகும் நேரம்கூட இல்லை இது.

அவை ஒழுங்காக நடந்தால்தானே என்ற மூன்றாவது ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி விவகாரத்தில் கிட்டத்தட்ட முழுதாக முடங்கியது. அன்று முடக்கியவர்கள் இன்று ஆள்கிறார்கள். அன்று ஆண்டவர்கள் இன்று முடக்குகிறார்கள். அந்த விவகாரத்தில் பொதுக் கணக்குக் குழு முன் நேரில் வரத் தயார் என்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் முன்வந்தார், அது நடக்கவில்லை. எனவே எதிர்க்கட்சிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் பதாகையோடு அவையின் மையப் பகுதிக்கு இறங்குபவர் அந்த வாரத்துக்கான கேள்வி உரிமையை இழக்க வேண்டும். கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்ட நாடு இது. கேட்பவரின் நாணயமும் சோதிக்கப்பட வேண்டியதே.

இதைத் தமிழ்நாட்டு வாக்காளர்களிடம் சொல்கிறோம் என்பதால் நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரலையில் வந்ததே 2022 ஜனவரியில்தான். தொலைக்காட்சியில் நாடாளுமன்றக் கேள்வி நேரம் 1991-லேயே வந்துவிட்டது. பிரதமருக்குக் கேட்கும் விதியை முதலமைச்சருக்கும் கேட்கிறோம். சென்னையில் ஒரு நியாயம், தில்லியில் ஒரு நியாயம் கிடையாது.

இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. தன் நடைமுறைக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 118-ஆவது பிரிவு ஒவ்வோர் அவைக்கும் கொடுத்திருக்கிறது. மக்களவைத் தலைவர் தலைமையிலான விதிக்குழு பரிந்துரைத்து, அவை ஏற்றுக்கொண்டால் போதும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பார்க்காமல் விதிக்குழுவுக்கு இந்தத் திருத்தத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தொகுதி உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, எழுதினீர்களா என்று அவரிடம் கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்றால், எப்போது என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.