எந்த முறையில் மொழி கற்பிப்பது?



காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியையே பிழைப்பாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் தாய், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் என்னிடம் தம் மனக்குறையை வெளியிட்டார். மகன் ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பயில்கிறான். பத்துப் பன்னிரண்டு ஆங்கிலப் பாட்டுகளைப் பிசகின்றி ஒப்பிக்கிறான். ஆனால், "நேற்று மாலை என்ன செய்தாய்?" என்று அதே மொழியில் வினவினால் தலை குனிந்து நிற்கிறான். தமிழிலோ, நற்செய்தி வாசகத்தை எழுத்துக் கூட்டியே படிக்கிறான். ஓர் ஆசிரியர் மனப்பாடத்தை விடாதே என்கிறார். மற்றொருவர் இலக்கணம் படி என்கிறார். தனிப்பயிற்சி நடத்துபவரோ வீட்டில் தமிழே பேசாதீர்கள் என்று கட்டளையிட்டுவிட்டார். "இவற்றுள் எது சரி, ஐயா?" என்பது அவர் கேள்வி.

ஏறத்தாழ நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் நம் திருச்சபையும் இதே இடர்ப்பாட்டைச் சந்தித்தது. அன்று மாணவர்களாய் நின்றவர்கள் அயல்நாட்டுக் குருக்கள். கற்க வேண்டிய மொழி தமிழ்.

புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, கர்த்தர் கற்பித்த செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டி அவற்றை ஓதுவித்தார். அச்சிறுவர் வீடு சென்று பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பித்தனர். செபம் கரையெங்கும் பரவியது. எனினும் மக்களோடு உரையாட அவருக்கு மொழிபெயர்ப்பாளரின் துணை வேண்டியிருந்தது. மனப்பாடம் எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

அவருக்குப்பின் அக்கரையில் உழைத்த சேசு சபைக் குரு அன்றீக் அடிகளார் வேறு வழியை நாடினார். வினைச்சொல் எவ்வாறு திரிகிறது, வேற்றுமை எவ்வாறு ஏற்கிறது என்று ஆராய்ந்து, விதிகளாகத் தொகுத்துக்கொண்டே கற்றார். 1549-இல் போர்த்துக்கேய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசும் நிலையை அவர் விரைவில் எய்தினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்ததே. ஆனால் இலக்கண வழி, முன்பே வேறொரு மொழியின் இலக்கணத்தில் தேர்ந்த முதிர்ந்தோருக்கு உரியது. பத்து வயதுப் பிள்ளையிடம் அதை மட்டும் நீட்டினால் அவன் ஓடிவிடுவான்!

இவ்விரு வழிகளையும் இணைத்து, மேலும் ஒன்றைச் சேர்த்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் கோவாவை அடைந்து, பின் தமிழகம் வந்தவர். பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணம், செந்தமிழுக்குத் தனி இலக்கணம் என இலத்தீனில் வகுத்தார். மக்களோடு பேசப் போகிறவனுக்கு முதலில் எது தேவை, இலக்கியம் பயில்பவனுக்கு எது தேவை என்று பிரித்தறிந்ததே அவருடைய முதற் சிறப்பு. சொல் தேடுவோர்க்கு 1732-இல் சதுரகராதி தந்தார்.

இவை போதா என்று அவர் கண்டிருக்க வேண்டும். ஆதலாற்றான் பரமார்த்த குருவின் கதையை எளிய நடையில் எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பையும் உடன் வைத்தார். ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடனை நினைத்துச் சிரிக்கும்போதே, தமிழ் வாக்கியத்தின் அமைப்பு கற்பவனுக்குள் பதிந்துவிடுகிறது. ஐயம் எழுந்தால் அருகிலேயே தன் மொழி இருக்கிறது. 1822-இல் பாபிங்டன் என்பவர் அக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். சவேரியாரின் செவிவழியும், அன்றீக்கின் விதிவழியும், இக்கதைவழியும் ஒன்றையொன்று பகைத்தவை அல்ல.

இணைப்பது என்றால் எல்லாவற்றையும் ஒரே வேளையில் கலந்து ஊட்டுவதன்று. இதைக் காஞ்சிபுரத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. கரைப் பக்கத்து நாடாவைப் போட்டுக்கொடுக்க அருகில் ஒரு துணையாள் வேண்டும். உடல் நூல் கரைக்குள் புகுந்து நிறத்தைக் கெடுப்பதில்லை; எல்லையில் மட்டும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கிறது. மனப்பாடம், உரையாடல், இலக்கணம் ஆகியவற்றிற்கும் தனித்தனி நேரமும் இடமும் வேண்டும். (இதைச் சொல்வதால் பள்ளி வயதுப் பிள்ளையைத் தறியில் துணையாளாக உட்கார்த்தலாம் என்று எவரும் கொள்ளற்க.)

வீட்டில் தமிழ் பேசாதே என்ற அறிவுரையை நான் முற்றிலும் மறுக்கிறேன். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் ஆங்கிலத்தில் மட்டும் பேச முற்பட்டால், வீட்டில் நாலு சொற்களே உலவும். கோபமும் கொஞ்சலும் கதையும் பாட்டியின் நினைவுகளும் ஊமையாகும். பிள்ளை ஒரு மொழியைப் பெறுவதற்கு முன்பே மற்றொன்றை இழப்பான். 2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது உண்மையே. ஆனால் பாடவேளையால் மட்டும் வீட்டுப் பேச்சின் இடத்தை நிரப்ப இயலாது.

அந்தத் தாயிடம் நான் கூறியது இது. மகனுக்கு ஒப்பிக்கும் திறன் இருக்கிறது. அதைக் குறைக்க வேண்டாம். அவனிடம் இல்லாதது தானே வாக்கியம் அமைக்கும் துணிவு. ஆகவே சனிக்கிழமை மாலை, மறுநாளைய நற்செய்தியை நீங்கள் தமிழில் உரக்கப் படியுங்கள். பிறகு அவன் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு, நடந்ததைத் தன் சொந்தத் தமிழில் அவன் கூறட்டும். இடையில் திருத்த வேண்டாம். அதன்பின் அதே பகுதியை ஆங்கில விவிலியத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஐந்தே வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். செய்த பிழைகளுள் ஒன்றை மட்டும், ஒன்றே ஒன்றை, ஒரு குறிப்பேட்டில் எழுதி அதற்குரிய விதியை அவன் ஆசிரியரிடம் கேட்டு வரட்டும்.

"எனக்கு ஆங்கிலம் தெரியாதே, அவன் தவறாகச் சொன்னால்?" என்றார் அவர். தெரியாதவருக்கு விளக்கிச் சொல்வதைவிட நல்ல பயிற்சி அவனுக்கு வேறு ஏது? கெட்டிக்கார ஆசிரியர் முன் நாவடங்கும் பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லித் தரும்போது பேசுவான். காணாமற்போன ஆட்டின் உவமையிலிருந்து தொடங்குகிறோம் என்று சொல்லி விடைபெற்றார்.