இரண்டும் நம் நீர்நாய்களே!

பூன் லேக்கு அருகிலுள்ள ஜூரோங் ஏரியில் நீர்நாய்கள் குடும்பமாக மீன் பிடிப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். “இவைதாம் நிறைய இருக்கின்றனவே, பாதுகாப்பு எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். இக்கருத்தை நான் ஏற்கவில்லை.

சிங்கப்பூரில் இரண்டு வகை நீர்நாய்கள் வாழ்கின்றன. நாம் ஏரியில் காண்பது மென்மயிர் நீர்நாய். அதன் முக்கிய உணவு மீன். மற்றொன்று சிறுநக நீர்நாய். உலகிலேயே மிகச் சிறிய நீர்நாய் இதுதான். சேற்றை விரல்களால் துழாவி நண்டு, நத்தை போன்றவற்றைப் பிடித்துத் தின்னும். புலாவ் உபின், புலாவ் தேக்கோங் தீவுகளில்தான் இதை அரிதாகக் காண முடியும்.

இவ்விரண்டையும் உலகச் சிவப்புப் பட்டியல் ‘எளிதில் அழியக்கூடியவை’ என ஒரே பிரிவில் வைத்துள்ளது. செல்லப்பிராணிகளாக விற்பதற்காகக் காட்டு நீர்நாய்கள் பிடிக்கப்படுகின்றன. ஆகவே, 2019ஆம் ஆண்டில் இரண்டுக்கும் அனைத்துலக வணிகத் தடை விதிக்கப்பட்டது.

மென்மயிர் நீர்நாய்களும் ஒரு காலத்தில் இங்கிருந்து மறைந்தவையே. நீர்நிலைகள் தூய்மையான பின், 1998ஆம் ஆண்டில் ஓர் இணை சுங்கை பூலோவில் குடியேறியது. சூழல் கெட்டால் அவை மீண்டும் மறையலாம்.

எனவே, கண்முன் இருப்பதால் ஒன்றை அலட்சியப்படுத்துவதும், கண்ணில் படாததால் மற்றொன்றை மறப்பதும் தவறு. நீர்நாய்களுக்கு உணவளிக்காமல் விலகி நின்று ரசிப்போம். அவற்றைச் செல்லப்பிராணிகளாகக் காட்டும் காணொளிகளைப் பகிராதிருப்போம்.