தலையெழுத்து என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வாரம் உறவு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். பிறந்ததும் அழவில்லையாம். மறுநாள் ஃபிட்ஸ். பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வந்திருக்கிறது. சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே! "கிரகணத்தன்னைக்கு வெளிய போயிருப்பா." "மாசமா இருக்கயில ஒழுங்கா சாப்பிடல." ஒருவர், "பில்லைக் குறைச்சுக்கிறாங்களாம், கையெழுத்தப் போட்டுட்டு வந்துருங்க, எல்லாம் தலையெழுத்து" என்று முடித்தே விட்டார். பெற்றவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னிடம் படித்த பிள்ளைதான்.

என் கோபம் அவர்கள் மேல் மட்டுமில்லை. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு தாய் ஆறு வயது மகனை இடுப்பில் தூக்கி வந்து ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சொன்னாள். அவனுக்குக் கழுத்து நிற்கவில்லை. பிரசவம் இழுத்துப் பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்ததாம். நான் சொன்னது, "கடவுள் விட்ட வழி, மனசைத் தேத்திக்க." ஆசிரியர் பயிற்சி முடித்த டீச்சரின் புத்தி அவ்வளவுதான். எங்கே போய்க் கேட்கலாம் என்று நான் விசாரிக்கக்கூட இல்லை. பத்து வயதில் அவன் போய்ச் சேர்ந்தான். அந்தத் தாயின் முகம் இன்னும் என்னை விடவில்லை.

அதனால் சொல்கிறேன். பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்தால் மூளை பாதிக்கும். தொப்புள்கொடி அழுந்துவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, கர்ப்பப்பை கிழிவது, பிரசவம் அளவுக்கு மீறி இழுப்பது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். பிறந்தபின் முற்றிவிட்ட மஞ்சள் காமாலையும் மூளையைக் கெடுக்கும். இந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை. மருமகளின் ராசியும் இல்லை.

இன்னொரு பக்கம், எல்லாமே டாக்டர் தப்பும் இல்லை. எல்லாக் கவனிப்பும் கொடுத்தும் சில குழந்தைகளுக்கு இப்படி ஆகிவிடும். ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பவனும் தலையெழுத்து என்பவனும் எனக்கு ஒன்றுதான். இரண்டு பேருமே என்ன நடந்தது என்று கேட்பதில்லை. குழந்தையின் இதயத்துடிப்பை எத்தனை முறை பார்த்தார்கள்? ஆபரேஷன் என்று எப்போது முடிவு செய்தார்கள், எப்போது செய்தார்கள்? முதல் நிமிஷத்திலும் ஐந்தாவது நிமிஷத்திலும் போட்ட அப்கார் மார்க் என்ன? பதில் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. அதை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. காகிதம் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

"கோர்ட்டுக்குப் போனா நடக்குமா டீச்சர்?" என்பீர்கள். 1996இல் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் 29 வாரத்தில், 1250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்குச் செய்யவேண்டிய விழித்திரைப் பரிசோதனையைச் செய்யவில்லை. பார்வை போய்விட்டது. தகப்பன் விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் என்றது. 2015 ஜூலை 1 அன்று சுப்ரீம் கோர்ட் அதை 1.8 கோடியாக உயர்த்தி, அரசும் பொறுப்பு என்றது. அது கண், நம் வீட்டில் மூளை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: செய்யவேண்டியதைச் செய்தார்களா? குழந்தை பிறந்து ஏறக்குறைய 19 வருஷம் கழித்து முடிந்த வழக்கு அது, எளிது என்று பொய் சொல்லமாட்டேன்.

காசு கட்டிப் பார்த்த வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே தீர்ப்பு இருக்கிறது. 2 வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கவேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்டவேண்டும். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. முழுக்க இலவச அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் சிக்கல் வரலாம், சிவில் கோர்ட், ஐகோர்ட் வழிகள் உண்டு. டாக்டரின் நடத்தை பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். வக்கீலுக்குக் காசில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் போடுங்கள்.

வழக்கு நடக்கட்டும், பிள்ளை காத்திருக்காது. தலை நிற்கிறதா, பார்க்கிறதா என்று வருஷக்கணக்கில் காத்திருக்காமல் இப்போதே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுங்கள். மாவட்ட இடையீட்டு சேவை மையத்தைக் கேளுங்கள். சீக்கிரம் தொடங்கும் பிசியோதெரபி பிள்ளைக்குக் கை கொடுக்கும். பாதிப்பு உறுதியானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு நிராமயா திட்டத்தில் 1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

அன்று அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ ஒரு தப்பும் பண்ணலடா" என்றேன். அப்போதுதான் அழுதாள். திங்கட்கிழமை அவளும் நானும் கேஸ் ஷீட் கேட்டு மனு எழுதினோம். பழைய மாணவியின் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

உங்களில் நர்ஸ் இருக்கிறீர்கள், வக்கீல் இருக்கிறீர்கள், ஆட்டோ ஓட்டுகிறீர்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால் நாளைக்கே போய்ப் பாருங்கள். இது டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம்.

உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்,
வல்லத்திராக்கோட்டை