பசியும் கணக்கும்

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, கஜானா தாங்குமா என்ற கேள்வி பலமாகவே எழுந்தது. இளமையில் பட்டினி கிடந்தவர் அவர். அந்த அனுபவமே அவரைத் துணிய வைத்தது. சரியான துணிச்சல். ஆனால் மனசு மட்டும் போதாது. எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியாமல் ஒரு முட்டைகூட உரிய தட்டுக்குப் போய்ச் சேராது.

இன்றோ, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ரேஷன் வரம்பு 2011 மக்கள்தொகையை வைத்தே நிற்கிறது. அதன்பின் பிறந்த குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். அவர்களை எண்ணாமல் வகுக்கும் கொள்கையில் கருணை இருக்கலாம், நியாயம் இல்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை மத்திய அரசு இனியும் தள்ளாமல் முடித்து, புதிய எண்ணிக்கைப்படி பயனாளிகள் வரம்பை உயர்த்த வேண்டும்.